சந்தே ஊத்தின தண்ணி

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ நான், கினுயோ. இளையவ எங்க சலவைக் கடை வாசல்ல, நீலத் தொட்டியில, இடுப்பு உசரத்துக்கு நிக்கிற மேப்பிள் மரம். வயித்தெரிச்சல்ல சொல்லல, சந்துல யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க. காலையில ஷட்டரைத் தூக்கினதும் எங்க வீட்டுக்காரர் இசாமு முதல்ல பேசறது அதுகிட்ட. மண்ணுக்குள்ள ஆள்காட்டி விரலை விட்டுப் பார்ப்பாரு. காய்ஞ்சிருந்தா தண்ணி, ஈரமா இருந்தா கிடையாது. இலையைத் திருப்பிப் பார்த்து, நேத்து காத்து ஜாஸ்தியா இருந்துச்சான்னு அக்கறையா விசாரிப்பாரு. அந்தக் குரல்ல என்கிட்ட ஒருநாளும் பேசினதில்ல. என்கிட்ட வாயைத் திறக்கணும்னா சூப்புல உப்பு ஏறியிருக்கணும்.

மார்ச் கடைசியில, செர்ரி பூக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இஸ்திரி மேசைகிட்ட நின்னுக்கிட்டு இருந்த மனுஷன் அப்படியே சரிஞ்சாரு. மூளையில ரத்தம் அடைச்சிடுச்சு. உயிர் பிழைச்சது. வலது காலும் மெல்ல மெல்ல வந்துடுச்சு. பேச்சு ஒவ்வொரு வார்த்தையா, மூட்டை தூக்கற மாதிரி வந்துச்சு. வலது கை மட்டும் வரவே இல்ல. மடியில துணி மாதிரி கிடந்துச்சு.

எங்க வீடு கீழே கடை, மாடியில குடித்தனம். நடுவுல இருக்கிறது படிக்கட்டுன்னு சொல்றதே தப்பு, அது ஏணி. ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் ஏற முடியும். ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனுஷன், சுத்தி வளைக்காம சொல்லிட்டாரு. வலது கை எதையாவது பிடிக்க ஆரம்பிச்சா வீட்டுக்குப் போகலாம். இல்லாட்டி ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்துல இடம் பார்த்துக்கணும். அன்னைக்கு ரயில்ல திரும்பி வரும்போது எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு. மாடியில தனியாப் படுத்துக்கிட்டு அந்த ஆளோட குறட்டை கேட்காம மிச்ச காலத்தை ஓட்டணுமேன்னுதான்.

ஆனா கைக்குப் பயிற்சி குடுக்க வந்த பொண்ணைப் பார்த்தாலே இசாமுவுக்குக் கடுப்பு. கலர் கலரா மரக்குச்சியைக் குடுத்து ஓட்டையில சொருகச் சொல்லுவா. இவரு முகத்தைத் திருப்பிக்குவாரு. குழந்தை விளையாட்டாம். நான் கெஞ்சினேன், திட்டினேன், கிட்டத்தட்ட அடிக்கவே போனேன். அசையல. தினமும் நான் உள்ளே நுழைஞ்சதும் அவரு வாயிலேருந்து வர்றது ஒரே வார்த்தைதான்.

"மரம்?"

"நல்லாருக்கு"ன்னு சொல்வேன். அப்போ மட்டும் அந்தக் கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் வரும். அன்னைக்கு ரெண்டு குச்சியாவது எடுத்துப் பார்ப்பாரு. அதனாலதான் அந்த மரத்தை நான் பொத்திப் பொத்திப் பார்த்துக்கிட்டேன். சக்களத்தியா இருந்தாலும் அவ உயிரோட இருந்தாத்தான் என் புருஷன் வீட்டுக்கு வருவாரு.

அவரு செஞ்ச மாதிரியே செஞ்சேன். காலையில விரலை விட்டுப் பார்த்துட்டுத்தான் தண்ணி. சொல்லப்போனா தண்ணி ஊத்த வேண்டிய வேலையே இல்ல, எப்பப் பார்த்தாலும் மண்ணு ஈரமாவே இருந்துச்சு. சரி, மழைக்காலம் பக்கத்துல வந்துடுச்சு, அதான்னு நினைச்சுக்கிட்டேன். ஜூன் பிறந்தப்போ இலை நுனியெல்லாம் பழுப்பாச்சு. அப்புறம் பழுப்பு உள்ளே ஏறுச்சு. இலை சுருண்டு, தொட்டா கையோட வந்துச்சு. தண்ணி இல்லாம காயற மரம் மாதிரியேதான் இருந்துச்சு, ஆனா மண்ணு சொதசொதன்னு கிடந்துச்சு. பூச்சியான்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல.

எனக்கு எதிர்வீட்டு ஷிகெனோ மேலதான் சந்தேகம். அந்தப் பொம்பளைக்கும் எங்களுக்கும் என்னைக்குமே ஆகாது. இலையுதிர்காலத்துல மேப்பிள் இலை அவ வாசல்ல விழுந்தா, ஒண்ணு விடாமக் கூட்டி, சரியா எங்க எல்லைக் கோட்டுல குவிச்சு வெச்சுட்டுப் போவா. ஒரு வார்த்தை பேச மாட்டா, குவியல்தான் பேசும். இவதான் உப்போ சோப்புத் தண்ணியோ ஊத்தறாளோன்னு எனக்கு உள்ளுக்குள்ள கொதிச்சுது. ஆனா கையும் களவுமாப் பிடிக்காம எப்படிக் கேக்கறது?

இதுக்கு நடுவுல இசாமு ஒருநாள் ஒரு இலை கொண்டுவரச் சொன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம மரத்துல காட்டற மாதிரி ஒரு இலை இல்ல. மறுநாள் ஸ்டேஷன் போற வழியில கோயில் வாசல் மேப்பிள்லேருந்து நல்ல பச்சையா ஒண்ணு கிள்ளி, கைக்குட்டையில சுத்திக் கொண்டுபோனேன். அவரு இடது கையில வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் போர்வை மேல வெச்சுட்டாரு.

"இது... நம்மது... இல்ல."

நான் ஏதேதோ உளறினேன். அவரு சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவருக்கு நம்ம மரத்து இலையோட ஒவ்வொரு விரலும் தெரியும். அதைப் போய் ஏமாத்தப் பார்த்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும். அதுக்கப்புறம் மரத்தைப் பத்தி அவரு கேக்கவே இல்ல. செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாருன்னு எனக்குப் புரிஞ்சுது. குச்சியையும் தொடறதில்ல. பயிற்சிக்கு வர்ற பொண்ணு வந்தா கண்ணை மூடிக்குவாரு. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இல்லத்துக்கு மனு போட்டு வெச்சுக்கறது நல்லதுன்னாரு.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில உட்காரவே பிடிக்கல. வழக்கமா சாயங்காலம் வரைக்கும் இருக்கிறவ மத்தியானமே திரும்பிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கினபடியே விட்டுட்டு, கடைக்குள்ள தொங்கற சட்டைகளுக்குப் பின்னாடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். விளக்குகூடப் போடல. வெளியிலேருந்து பார்த்தா நான் இல்லைன்னுதான் தோணும். மழை விட்டிருந்துச்சு.

முதல்ல ஒகுனோ டீச்சர் வந்தாங்க. பாலர் பள்ளியில பிள்ளைகளை மேய்ச்சு ரிட்டையர் ஆனவங்க, அதனால ஊர்ல எல்லாரையும் அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரிதான் நடத்துவாங்க. கையில டீ கெட்டில். சந்துல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாங்க. ஆறிப்போன டீயை எங்க தொட்டியில மெதுவாச் சாய்ச்சாங்க. மரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க.

நான் வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல அரிசிக் கடை எபிஹாரா வந்தாரு. தொப்பைக்கு முன்னாடி ஒரு கிண்ணம் நிறைய அரிசி கழுவின தண்ணி. மரத்துக்குச் சத்து ஏறட்டும்னு நினைச்சிருப்பாரு போல. அவரும் அக்கம்பக்கம் பார்த்து, மளமளன்னு ஊத்திட்டு, திருடன் மாதிரி நழுவினாரு.

அப்புறம் எதிர்வீட்டுக் கதவு திறந்துச்சு. ஷிகெனோ. மாட்டினடி மவளேன்னு நான் ஸ்டூல்லேருந்து பாதி எந்திரிச்சேன். அவ கையில நீள மூக்கு வெச்ச பூவாளி. இன்னொரு கையில ஈரத்துணி. தண்ணியை வேர்ப்பக்கமாப் பார்த்து ஊத்தினா. ஊத்திட்டுக் குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த இலைகளை ஒவ்வொண்ணாத் துடைச்சா, குழந்தைக்கு மூக்கு துடைச்சு விடற மாதிரி. அப்புறம் சன்னமா மரத்துகிட்ட சொன்னா: "உங்க ஆளு வர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சுக்கோம்மா."

நான் மறுபடி ஸ்டூல்லயே உட்கார்ந்துட்டேன். சட்டைக் கையை எடுத்துக் கண்ணைத் துடைச்சேன். அது வாடிக்கையாளர் சட்டை, அப்புறம் மறுபடி தோய்க்க வேண்டியதாப் போச்சு.

ஏன் இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க பக்கத்துல யாராவது உங்களுக்கு ஒரு நல்லது செஞ்சா நீங்க பதிலுக்கு எதையாவது தூக்கிக்கிட்டு அவங்க வாசலுக்குப் போகணும். இசாமுவைப் பார்க்க முலாம்பழம் கொண்டுவந்தவங்களுக்கெல்லாம் துண்டும் சோப்புமா பதிலுக்குக் குடுத்தே நான் ஓஞ்சு போயிருந்தேன். அதைப் பார்த்துட்டுத்தான், பாவம் கினுயோ, ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமா அலையறா, தண்ணி ஊத்த எங்க நேரம், நம்ம ஊத்தினோம்னு தெரிஞ்சா அதுக்கு வேற அலைவாளேன்னு ஆளுக்கு ஆள் நினைச்சிருக்காங்க. ஒருத்தர் ஊத்தறது இன்னொருத்தருக்குத் தெரியாது. எல்லாரும் சேர்ந்து அன்பாலயே அந்த மரத்தை முக்கிக் கொன்னுக்கிட்டு இருந்தாங்க.

என் வாய் சும்மா இருக்காதுன்னு சந்துக்கே தெரியும். ஆனா இதை எப்படிச் சொல்லுவேன்? ஊத்தாதீங்கன்னு ஒரு அட்டை எழுதி மாட்டினா கன்னத்துல அறைஞ்ச மாதிரி. நேர்ல சொன்னா மூணு பேரும் கேக் டப்பாவோட மன்னிப்புக் கேக்க வந்து நிப்பாங்க, அப்புறம் அதுக்கு நான் பதில் குடுக்கணும். அதனால தந்திரமா ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி மண்ணு மேல மூடி, கல்லு வெச்சேன். மறுநாள் பார்த்தா தாள் அழகா மூடியபடியே இருக்கு, கல்லுகூட இடம் மாறல, கீழே மண்ணு தெப்பம். மழை படாம மூடி வெச்சிருக்கேன்னு நினைச்சு, எடுத்து, ஊத்தி, பத்திரமாத் திருப்பி மூடியிருக்காங்க. அந்தப் பதவிசைப் பார்த்து சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

விரலை ஆழமா விட்டு மோந்து பார்த்தேன். சாக்கடை நாத்தம். இத்தனை வருஷம் அவரு புலம்பறதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த அளவுக்குத் தெரியும். வேர் அழுகிடுச்சு. தொட்டியிலேருந்து வெளியே எடுத்து, அழுகினதை வெட்டிப் போட்டு, புது மண்ணுல வெக்கணும். எது உயிர் வேர், எது செத்த வேர்னு பார்த்து வெட்டத் தெரிஞ்ச ஆளு ஆஸ்பத்திரியில சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்காரு.

அங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு. நல்ல கோபம். மரத்தையே தூக்கிக்கொண்டு போய் அந்த ஆளு முன்னாடி வெக்கறேன், செத்ததா இருக்கான்னு அவரே பார்க்கட்டும்னு முடிவு பண்ணினேன். ஆனா தொட்டியை நான் ஒருத்தியா அசைக்கக்கூட முடியாது. எபிஹாராகிட்டதான் சின்ன லாரி இருக்கு. கேட்டேன். எதுக்குன்னு கேட்டாரு. அப்போ ஒகுனோ டீச்சரும் அரிசி வாங்க அங்க நின்னாங்க, ஷிகெனோ வாசல் கூட்டற சாக்குல காதைத் தீட்டிக்கிட்டு இருந்தா. வேற வழியில்லாம சொல்லிட்டேன். பேர் சொல்லல. மரத்துக்குத் தண்ணி ரொம்பப் போயிடுச்சு, வேர் அழுகிடுச்சுன்னு மட்டும் சொன்னேன்.

 எபிஹாராவோட காது ரெண்டும் சிவந்துச்சு. ஒரு கிண்ணம்தான் ஊத்தினேன்னு முணுமுணுத்தாரு. ஒகுனோ டீச்சர் திடுக்கிட்டு, நீங்களுமான்னு அவரைப் பார்த்தாங்க. ஷிகெனோ துடைப்பத்தைச் சுவத்துல சாத்தி வெச்சா. வந்து தொட்டி முன்னாடி நின்னு, இடுப்பை மடக்கி அதைக் கும்பிட்டா. மத்த ரெண்டு பேரும் அப்படியே செஞ்சாங்க. மூணு பேர் ஒரு மரத்துகிட்ட மன்னிப்புக் கேக்கறதை அந்தப் பக்கமா வந்த பால்காரன் சைக்கிளை நிறுத்திப் பார்த்துட்டுப் போனான்.

அடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னதும் ஒகுனோ டீச்சருக்கு முகம் வெளிறிடுச்சு. வேரோட இருக்கிற செடியை நோயாளிகிட்ட யாருமே கொண்டுபோக மாட்டோம். அது அங்க வேர்விட்டா வியாதியும் கூடவே வேர்விட்டுடும், ஆளு படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டாருன்னு பயம். எங்க பக்கத்துல சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். வெட்டின பூ கொண்டுபோகலாம், தொட்டி கூடவே கூடாது. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஷிகெனோதான் தீர்த்து வெச்சா.

"அதான் வேரே அழுகிப்போச்சே. எங்க போய் அது பிடிக்கப்போகுது? ஏத்துங்க வண்டியில."

ஞாயித்துக்கிழமை கிளம்பினோம். எபிஹாரா ஓட்டினாரு, நான் பக்கத்துல. ஷிகெனோவும் டீச்சரும் ரயில்ல வந்து சேர்ந்தாங்க. ஷிகெனோ செடி விக்கிற ஒரு கடையிலேருந்து குருணைக் குருணையா இருக்கிற சிவப்பு மண்ணு ஒரு மூட்டை வாங்கித் தூக்கிக்கிட்டு வந்திருந்தா. வார்டு நர்ஸ்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். கட்டடத்துக்குள்ள மண்ணு வரக் கூடாதுன்னு கறாராச் சொன்னா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, பின்பக்கம் வண்டி நிறுத்தற இடத்துல என்ன நடக்குதுன்னு தன் ஜன்னல்லேருந்து தெரியாதுன்னா. சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கிட்டு வந்தா.

இசாமு வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு வந்தாரு. மரத்தைப் பார்த்ததும் முகம் அப்படியே நின்னுடுச்சு. பாதி மொட்டை, மீதி பழுப்பு. அங்கங்க நாலு பச்சை. அவரு நாற்காலியை இன்னும் கிட்ட தள்ளச் சொல்லி இடது கையால சைகை காட்டினாரு. விரலை மண்ணுக்குள்ள விட்டாரு. எடுத்து மூக்குகிட்ட கொண்டுபோனாரு.  அந்தப் பார்வை எனக்குத் தெரியும். யாராவது நல்ல பட்டுத் துணியைச் சூட்டுல கருக்கினா அப்படித்தான் பார்ப்பாரு. அப்புறம் அந்த ஆளை வாழ்நாளுக்கும் மன்னிக்க மாட்டாரு.

"யாரு?"

என் பின்னாடி மூணு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறது திரும்பாமலே தெரிஞ்சுது. ஷிகெனோ மூச்சு விடற சத்தம்கூடக் கேட்டுச்சு.

"நான்தான்"னேன். "அளவு தெரியாம ஊத்திட்டேன்."

அவரு என்னை நிமிர்ந்து பார்த்தாரு. உதட்டோட ஒரு பக்கம் மட்டும் நடுங்குச்சு. கோபம்னு நினைச்சேன். பார்த்தா மனுஷன் சிரிக்கறாரு. விழுந்ததுக்கப்புறம் நான் பார்க்கிற முதல் சிரிப்பு, கோணலா, ஒரு பக்கமா.

"நீயா... நீ எனக்கே... அவ்வளவு... ஊத்த மாட்டே."

எபிஹாரா முதல்ல குபீர்னு சிரிச்சாரு, அப்புறம் அழுதாரு. அரிசித் தண்ணி தான் ஊத்தினதுன்னாரு. டீச்சர் டீன்னாங்க. ஷிகெனோ, தினமும் ஒரு வாளின்னா. இசாமு ஒவ்வொருத்தரையா பார்த்தாரு. கடைசியா ஷிகெனோவை ரொம்ப நேரம் பார்த்தாரு. இவங்ககிட்ட விட்டா மரம் தாங்காதுன்னு எனக்குத்தான் சொன்னாரு, ஆனா எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அப்புறம் இடது கையை நீட்டி, சாப்பிடற குச்சி கேட்டாரு. டீச்சர் தன் சாப்பாட்டு டப்பாவுலேருந்து எடுத்துக் குடுத்தாங்க.

தொட்டியைச் சாய்ச்சு மரத்தை உருவினோம். நாத்தம் குடலைப் புரட்டுச்சு. குச்சி நுனியால அவரு வேரைச் சீவினாரு, தலை சிக்கெடுக்கற மாதிரி மெதுவா. கறுப்பா, கொழகொழன்னு வந்ததையெல்லாம் காட்டுவாரு, நான் கத்திரியால வெட்டுவேன். தப்பா வெட்டப் போனா குச்சியால என் விரல்ல தட்டுவாரு. வெட்ட வெட்ட எனக்குப் பயம் ஏறுச்சு, மிச்சமே இருக்காதோன்னு. கடைசியில உள்ளே தண்டுக்குக் கிட்டே வெளுப்பா, கெட்டியா கொஞ்சம் வேர் தெரிஞ்சுது. கைக்குள்ள அடங்கற அளவுதான். அதைப் பார்த்ததும் அவரு பெருமூச்சு விட்டாரு. இலையையெல்லாம் கிள்ளிடுன்னாரு. இத்தனூண்டு வேர் இத்தனை இலைக்குச் சோறு போட முடியாதாம். டீச்சரும் எபிஹாராவும் ஆளுக்கொரு பக்கம் கிள்ளினாங்க. ஷிகெனோ கிள்ளின இலையைக் கீழே போட மனசில்லாம தன் ஏப்ரன் பையில போட்டுக்கிட்டா.

தொட்டியைக் கழுவி, அடியில சிவப்பு மண்ணைப் பரப்பி, மரத்தை நிறுத்தினோம். இப்போ அது வெறும் குச்சி. எபிஹாரா அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு, நான் சுத்தி மண்ணு போடணும், இசாமு குச்சியால மண்ணைக் குத்தி வேருக்கு நடுவுல இறக்கணும். ரெண்டு கைப்பிடி போட்டிருப்பேன். எபிஹாராவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. அம்மான்னு கையை விட்டுட்டாரு. மரம் இசாமு பக்கமா சாய்ஞ்சுது.

அவரு பிடிச்சாரு. இடது கையில குச்சி இருந்துச்சு. மடியில துணி மாதிரி கிடந்த அந்த வலது கை எந்திரிச்சு வந்து தண்டைச் சுத்தி மூடிக்கிச்சு. விரல் நடுங்குச்சு, கட்டை விரல் இன்னும் முழுசா வளையல, ஆனா பிடிச்சிருந்துச்சு. அவருக்கே தெரியல. அவரு கண்ணெல்லாம் வேர் மேலயே இருந்துச்சு. மண்ணு போடச் சொல்லி என்கிட்ட தாடையை ஆட்டினாரு.

நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா பார்த்துடுவாரு, பார்த்தா விட்டுடுவாரோன்னு பயம். இந்தச் சந்துல என் வாயை யாராலயும் அடைக்க முடிஞ்சதில்ல, அன்னைக்கு நானே அடைச்சுக்கிட்டேன். மூட்டையிலேருந்து மண்ணை அள்ளி, ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகைன்னு போட்டேன். என்ன இவ்வளவு மெதுவான்னு அவரு எரிஞ்சு விழுந்தாரு. அப்பவும் சிட்டிகை சிட்டிகையாத்தான் போட்டேன்.